உள்ளே இருக்கும்வரை ஜோ லூயிஸ்தான்

தொட்டிக்குள் இறங்கியவன் கட்சி மாறக்கூடாது. இது மாமா போட்ட சட்டம். மேலே ஏறி வந்து, முகம் கழுவி, டீயைக் கையில் வாங்கிய பிறகு யாரை வேண்டுமானாலும் முதலிடத்தில் வைத்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும்வரை, இறங்கும்போது என்ன சொன்னானோ அதையே சொல்ல வேண்டும். அதற்காகத் தொண்டை கிழியக் கத்தவும் வேண்டும்.

மாமா என் அக்காவின் கணவர். இருவரும் ஒரே கான்ட்ராக்டரிடம், தொழிற்சாலைத் தொட்டிகளைச் சுத்தம் செய்யும் வேலையில் இருக்கிறோம். பகலில் ஆலை ஓட வேண்டும் என்பதால் பெரும்பாலும் ராத்திரி ஷிஃப்ட். அவர் உள்ளே இறங்கித் துருவையும் சகதியையும் சுரண்டுவார். நான் மேலே, ஆள் இறங்கும் துளைக்குப் பக்கத்தில், கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருப்பேன். அவர் உடம்பில் மாட்டிய பெல்ட்டிலிருந்து ஒரு கயிறு மேலே வந்து வின்ச்சில் சுற்றியிருக்கும். கைப்பிடியைச் சுழற்றினால், அவருக்கு இஷ்டம் இருக்கிறதோ இல்லையோ, மேலே வந்துவிடுவார். கல்லூரியைப் பாதியில் விட்டவனுக்கு இது பொருத்தமான வேலைதான். ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை தெரிந்திருக்க வேண்டும்: உள்ளே இருப்பவனுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறதா?

அது லேசான கேள்வி இல்லை. கெட்ட காற்று என்றால் நாறும், மூச்சு முட்டும் என்று நினைப்பவர்கள் தொட்டியைப் பார்த்ததில்லை. மூடிக் கிடக்கும் இரும்புத் தொட்டியில் துரு பிடிக்கப் பிடிக்க, உள்ளே இருக்கும் காற்றின் உயிரான ஆக்சிஜனை அந்தத் துருவே தின்றுவிடும். வாசனை இருக்காது. நெஞ்சு அடைக்காது. அதில் நிற்கிறவனுக்கு முதலில் மனசு லேசாகும். எல்லோரும் நல்லவர்களாகத் தெரிவார்கள். பிறகு கொஞ்சம் உட்காரலாம் என்று தோன்றும். உட்கார்ந்தவன் எழுந்திருக்க மாட்டான்.

எங்களுக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர்கள் மேலேயிருந்து "நல்லாருக்கியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். "இருக்கேன்" என்று பதில் வரும். அப்படி "இருக்கேன், இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே ஒருவர் செத்துப்போனார். அந்த வார்த்தைக்கு மூளை தேவையில்லை, வாய் போதும். அதனால் மாமா வேறு வழி தேடினார். வாய்ப்பாடு கேட்டுப் பார்த்தோம். வெளியே நல்ல காற்றில் இருக்கும்போதே அவருக்கு ஏழாம் வாய்ப்பாடு தகராறு. அரசியல் பேசிப் பார்த்தோம். அது வீடுவரை வந்து அக்கா இரண்டு பேருக்கும் சோறு போடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கடைசியில் நிலைத்தது ஹெவிவெயிட் குத்துச்சண்டை. எல்லாக் காலத்துக்கும் சேர்த்து யார் முதல், யார் இரண்டாவது, யார் பத்துக்குள் வரவே தகுதியில்லாதவன்.

இதில் ஒரு வசதி இருக்கிறது. தீராது. செத்துப்போனவனும் உயிரோடு இருப்பவனும் ஒரே குத்துச்சண்டை மேடையில் ஏறப்போவதில்லை. ஒருத்தன் காலத்தில் இருந்த எதிராளிகள் இன்னொருத்தனுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே எவனும் எவனையும் கடைசிவரை மறுத்துக்கொண்டே இருக்கலாம். தொட்டிக்கு அதுதான் வேண்டும். மறுத்துப் பேச மூளை வேண்டும். மறுக்கிறவன் மூச்சு விடுகிறான்.

முகமது அலியை நாங்கள் வரிசையில் சேர்ப்பதில்லை. மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். அலி என்றால் எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டிவிடுகிறார்கள். ஆமாம் என்ற பதிலை வைத்துக்கொண்டு நான் மேலே உட்கார்ந்து என்ன செய்வது?

என் கட்சி ராக்கி மார்சியானோ. நாற்பத்தொன்பது சண்டை, நாற்பத்தொன்பது வெற்றி, தோல்வியே காணாமல் விலகியவன். மாமாவின் கட்சி ஜோ லூயிஸ். ஏறக்குறைய பன்னிரண்டு வருஷம் பட்டத்தைக் கையில் வைத்திருந்து இருபத்தைந்து முறை காப்பாற்றியவன். மார்சியானோ காப்பாற்றியது ஆறே முறை. "அவன் அடிச்சவன்ல பாதிப்பேரு பேரன் பேத்தி எடுத்தவன்டா" என்பது மாமாவின் நிரந்தர வசனம். லூயிஸையே அடித்தவன் மார்சியானோதானே என்று நான் கேட்பேன். அப்போது லூயிஸுக்கு முப்பத்தேழு வயசு, விழுந்தால் தூக்கிவிட ஆள் தேவைப்பட்ட உடம்பு, அதையெல்லாம் கணக்கில் சேர்க்கிறவன் மனுஷனே இல்லை என்பார். உள்ளேயிருந்து குரல் இரும்பில் மோதி இரண்டு மூன்றாகத் திரும்பி வரும். ஒரு ஆளோடு பேசினாலும் நாலு லூயிஸ் ரசிகர்கள் என்னைத் திட்டுவதுபோல இருக்கும்.

இந்தச் சண்டை தொட்டியில் ஆரம்பித்ததில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால், மாமா எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த நாளில் ஆரம்பித்தது. அக்காவைக் கட்டிக்கொள்ளக் கேட்டு வந்திருந்தார். அப்போது நான் கல்லூரியை விட்டு வந்து அறைக்குள் கிடந்த காலம். வீட்டில் யாரோடும் பேசுவதில்லை. வந்தவருக்கு ஒரு வணக்கம்கூட வைக்காமல் மூலையில் உட்கார்ந்து போனில் பழைய சண்டை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எட்டிப் பார்த்து, இவர்களில் யார் பெரிய ஆள் என்று கேட்டார். மார்சியானோ என்றேன். லூயிஸ் என்றார். போனை அணைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். கொண்டுவந்த டீ இருவருக்கும் ஆறிப்போனது. கடைசியில் அக்கா வந்து, "நீங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா, நான் வேணா சாட்சி கையெழுத்துப் போடறேன்" என்றாள். பிறகு இந்த வேலையில் என்னைச் சேர்த்துவிட்டதும் அவர்தான்.

போன மாதம் ஒரு தப்பு நடந்தது. சன்னி லிஸ்டனைப் பற்றி நான் ஏதோ சொன்னேன், பதில் இல்லை. இன்னொரு முறை கேட்டேன், பதில் இல்லை. வின்ச்சைச் சுழற்றிவிட்டேன். கயிற்றில் தொங்கி ஆடிக்கொண்டே மேலே வந்த மாமா, "பதில் யோசிச்சிட்டிருந்தேன்டா பாவி, நல்ல பதில்டா, இப்ப மறந்துபோச்சு" என்றார். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. ஒரு முறை ஆளை வெளியே எடுத்தால் மீண்டும் எல்லாச் சோதனையும் முடித்து இறக்கப் பாதி ஷிஃப்ட் போய்விடும். இன்னொரு முறை இப்படிக் காரணமில்லாமல் இழுத்தால் வாளியில் கொட்டாவி உட்காருவான் என்றார்.

கொட்டாவி என்பவன் ப்ளோயர் ஓட்டுகிறவன். தொட்டிக்குள் குழாய் வழியாகக் காற்று அனுப்பும் இயந்திரம் அது. நல்ல மனுஷன். ஆனால் அந்த இரைச்சலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே தூங்கக்கூடியவன். அவனை வாளியில் உட்காரவைத்தால் மாமாவின் உயிர் யார் கையிலும் இல்லை என்று அர்த்தம். வீட்டில் சொன்னபோது அக்கா, "வாளியை விட்டுடாத" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஒரு ராத்திரி, பெரிய தண்ணீர்த் தொட்டி. வருஷக்கணக்காக மூடிக் கிடந்தது. உள்ளே நடுவில் ஒரு தடுப்புச் சுவர், அதில் ஆள் குனிந்து போகும் அளவுக்கு ஒரு திறப்பு, அந்தப் பக்கம் இரண்டாவது அறை. ப்ளோயரை ஓடவிட்டு, காற்று மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தோம், சரியாகக் காட்டியது. ப்ளோயரின் இன்னொரு குழாயைத் திறப்பு வழியாக அந்தப் பக்கம் விட்டோம். முதல் அறையை முடிக்கும்போது விடிந்துவிட்டது. ஆலை வாசலில் பகல் ஷிஃப்ட் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அந்த இன்னொரு அறையையும் முடித்துவிட்டுப் போய்விடலாம் என்று சூப்பர்வைசர் சொன்னார். மாமா திறப்பில் குனிந்து அந்தப் பக்கம் போனார். அதன் பிறகு அவருடைய தலைவிளக்கு எனக்குத் தெரியவில்லை. குரல் மட்டும்தான்.

ஜார்ஜ் ஃபோர்மனை மூன்றாவதாக வைக்கலாமா என்று கேட்டேன். நாற்பத்தைந்து வயதில் பட்டத்தைத் திரும்ப வாங்கியவன் என்பதற்காகவா, அப்படியானால் பென்ஷன் ஆபீசில் வரிசையில் நிற்கிறவர்களையும் சேர்த்துக்கொள் என்றார். மாமாதான், சந்தேகமில்லை. லாரி ஹோம்ஸை ஏன் யாரும் மதிப்பதில்லை என்று கொஞ்ச நேரம் பேசினார். சுரண்டும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. நான் வழக்கம்போல வம்புக்கு இழுத்தேன். எப்படிப் பார்த்தாலும் மார்சியானோதான் முதல் என்றேன்.

"ஆமா மாப்ள" என்றார்.

நான் கைப்பிடியில் கையை வைத்தேன். ஆனால் சுழற்றவில்லை. கிண்டலாக இருக்கலாம். அடுத்த வரியில் காலை வாரிவிடுவார் என்று காத்திருந்தேன்.

"மார்சியானோதான். உண்மையைச் சொன்னா எனக்குச் சின்ன வயசுலேர்ந்து அவன்தான். உங்க வீட்டுக்கு வந்தேன்ல மொத நாளு, அன்னிக்கும் அவன்தான். நீ மூலையில குந்திக்கிட்டு நிமிர்ந்துகூடப் பாக்கல. நான் ஆமான்னு சொல்லிருந்தா நீ மறுபடி போனுக்குள்ள போயிருப்ப. அதான் லூயிஸ்னு சொல்லிவெச்சேன்." இரும்புக்குள் ஒரு சிரிப்பு உருண்டது. "நீ நல்ல பய மாப்ள. கொஞ்சம் உக்காந்துக்கறேன்."

எட்டு வருஷமாக நான் கேட்க விரும்பிய வார்த்தை அது. அவர் வாயால் மார்சியானோ. ஆனால் மாமா என்னை நல்ல பயல் என்று சொல்லமாட்டார். மாமா வேலையில் உட்காரமாட்டார். எல்லாவற்றுக்கும் மேலே, மாமா உள்ளே இருந்துகொண்டு கட்சி மாறமாட்டார். சட்டம் போட்டவரே அவர்தான்.

வின்ச்சைச் சுழற்றினேன். கயிறு இறுகியது, திறப்பின் விளிம்பில் உரசியது, கனத்தது. இழுத்தேன். திறப்பு வழியாக அவர் முதல் அறைக்குள் வந்து விழுந்ததும் நல்ல காற்று பட்டிருக்க வேண்டும், திட்ட ஆரம்பித்தார். திட்டு கேட்டதும் எனக்குக் கையில் பலம் வந்தது.

மேலே வந்து தரையில் உட்கார்ந்த மாமாவுக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. முகம் சிவந்து, தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் ஓடி வந்தார். மீட்டரைக் கயிற்றில் கட்டி மறுபடி துளைக்குள் இறக்கினார். சரியாகத்தான் காட்டியது. அது முதல் அறையின் காற்று என்று சொன்னேன். ஒரே தொட்டி, ஒரே காற்று என்றார். ஏன் இழுத்தாய் என்று கேட்டார்.

இவர் மார்சியானோ முதலிடம் என்று சொன்னார், அதனால் இழுத்தேன் என்றேன்.

சொல்லும்போதே எப்படிக் கேட்கிறது என்று எனக்குத் தெரிந்தது. கொட்டாவிகூட முழுசாக விழித்துக்கொண்டு சிரித்தான். சூப்பர்வைசர் மாமாவிடம் திரும்பி, அப்படியா சொன்னாய் என்று கேட்டார்.

"நானா? எந்தக் காலத்துல சார்? லூயிஸ்தான். கேட்டா தூக்கத்துலகூட லூயிஸ்னுதான் சொல்லுவேன்."

சூப்பர்வைசருக்கு அது போதும். வாளியை விட்டு எழுந்திரு என்றார். கொட்டாவி உட்காரட்டும், நீ ப்ளோயர் பக்கம் போ. மாமா பெல்ட்டை இறுக்கிக்கொண்டு மறுபடி இறங்கத் தயாராக எழுந்தார்.

ஒரு கணம் நானும் அப்படித்தான் நினைத்தேன்: மானம் போகிறதே என்று மாற்றிப் பேசுகிறார். தோற்றதை ஒப்புக்கொண்டுவிட்டு அதை இல்லை என்பது மாமாவுக்குப் புதிதல்ல. ஆனால் மாமா பொய் சொன்னால் எனக்குத் தெரியும். இடது புருவம் மேலே போகும். அக்காவிடம் சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று சொல்லும்போது போகும். இப்போது புருவம் அசையவில்லை. அவர் ஏமாற்றவில்லை. அவருக்கு ஞாபகம் இல்லை.

குத்துச்சண்டையில் இப்படி ஒரு இடம் உண்டு. மணிலாவில் அலிக்கும் ஜோ ஃப்ரேஸியருக்கும் நடந்த மூன்றாவது சண்டை. பதினான்கு சுற்று முடிந்து ஃப்ரேஸியர் மூலையில் உட்கார்ந்திருக்கிறான். கண் மூடிப்போய் எதிரில் வரும் குத்தே தெரியவில்லை. கடைசிச் சுற்றுக்குப் போகிறேன் என்கிறான். அவனுடைய பயிற்சியாளர் வேண்டாம் என்று சண்டையை நிறுத்திவிட்டார். நிறுத்தியது சரியா என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். பேசுகிறவர்கள் யாரும் அந்த மூலையில் நிற்கவில்லை. அடிபட்டவனிடம் போய் உனக்கு அடிபட்டிருக்கிறதா என்று கேட்கக்கூடாது. அவனுக்கு எப்படித் தெரியும்?

ஆனால் எங்கள் மூலையில் முடிவு என் கையில் இல்லை. என் பேச்சை சூப்பர்வைசர் கேட்கப்போவதில்லை. இறங்கப்போகிறவர்தான் மாட்டேன் என்று சொல்ல வேண்டும்.

மாமாவின் பெல்ட்டைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். விடுடா என்றார். காதருகே போய், மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னேன்.

"மாமா, சின்ன வயசுலேர்ந்து உங்களுக்கு மார்சியானோதான். எங்க வீட்டுக்கு வந்த அன்னிக்கு லூயிஸ்னு சும்மா சொன்னீங்க. ஆமான்னு சொல்லிருந்தா நான் மறுபடி போனுக்குள்ள போயிருவேன்னு."

பெல்ட்டை உதறிக்கொண்டிருந்த அவர் கை நின்றது.

"யாரு சொன்னா உனக்கு?"

"நீங்கதான்."

"எப்ப?"

"இப்பதான். உள்ளேருந்து."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு துளையைப் பார்த்தார்.

"உங்க அக்காவா சொன்னா?"

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றார். "யாருக்கும் தெரியாது. நான் யார்கிட்டயும் சொன்னதே இல்ல."

அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்று வந்தது. பயம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். வீட்டைப் பூட்டிவிட்டுத்தான் வந்தோம் என்று உறுதியாக இருந்தவன், திரும்பிப் போய்க் கதவு திறந்து கிடப்பதைப் பார்க்கும்போது வரும் முகம். பெல்ட்டின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். வின்ச்சுக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்தார்.

"நான் இறங்கல சார்" என்றார்.

சூப்பர்வைசர் காரணம் கேட்டார். தலை வலிக்கிறது என்றார் மாமா. சூப்பர்வைசர் குரலை உயர்த்தினார், வேறு ஆட்கள் கிடைப்பார்கள் என்றார். கிடைக்கட்டும், அவர்களையும் இறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு மாமா கவிழ்த்த வாளியைத் துளையின் விளிம்புக்கு நகர்த்தி, வழியை மறித்து உட்கார்ந்துகொண்டார். இறங்க வேண்டுமானால் முதலில் அவரைத் தூக்க வேண்டும். அவர் எடையும் கிட்டத்தட்ட ஹெவிவெயிட்தான்.

மீட்டர் என்ன சொன்னது என்று கேட்பீர்கள். கொட்டாவி ஒரு நீளக் குழாயின் முனையில் அதைக் கட்டி, முதல் அறையின் தரையிலிருந்து திறப்பு வழியாக அந்தப் பக்கம் நீட்டலாம் என்றான். அவனே பெல்ட் மாட்டி முதல் அறைக்குள் இறங்கி, நல்ல காற்றில் நின்று நீட்டினான். மேலே வின்ச்சில் நான் இருந்தேன். மீட்டர் அலறிய அலறலில் பகல் ஷிஃப்ட் ஆட்கள் வாசலிலிருந்து ஓடி வந்தார்கள். ப்ளோயர் குழாய் திறப்பின் விளிம்பில் மடிந்து, அந்தப் பக்கம் வெறும் துணிபோலத் தொங்கிக்கொண்டிருந்ததாம். வாளி எனக்கே இருந்தது. ஆனால் இதெல்லாம் பிறகு. மாமா கொக்கியைக் கழற்றியபோது எந்த மீட்டரும் அலறியிருக்கவில்லை.

வீட்டில், குழாய் மடிந்துவிட்டது, தலைவலி, அவ்வளவுதான் என்று சொன்னோம். அக்கா மாமாவின் புருவத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். எனக்கும் வைத்தாள்.

அவள் உள்ளே போனதும் கேட்டேன். இப்போது மேலே இருக்கிறோம், நல்ல காற்று, முகமும் கழுவியாகிவிட்டது. நிஜமாக யார் முதல்?

"லூயிஸ்தான்."

"அது பொய்னு நீங்களே சொன்னீங்க."

"ஆரம்பிச்சப்ப பொய்தான்" என்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "எட்டு வருஷம் அவனுக்காக உன்கூட மல்லுக்கட்டியிருக்கேன். அவன் சண்டையெல்லாம் தேடித் தேடிப் பாத்திருக்கேன், உன்னை மடக்கணும்னே. இதுக்கப்புறம் எப்படிடா அவனை விட்டுட்டுப் போறது?"

எனக்கும் ஒன்று நடந்தது. வாளியில் உட்கார்ந்திருந்த இத்தனை வருஷமும் அவர் சொன்னதையெல்லாம் உடனே மறுத்தேனே தவிர யோசித்ததில்லை. அந்த வாரம் யோசித்தேன். லூயிஸுக்கும் பில்லி கானுக்கும் நடந்த சண்டையைத் திரும்பப் பார்த்தேன். லூயிஸ் புள்ளிகளில் பின்தங்கிப் போய்க்கொண்டே இருக்கிறான். பன்னிரண்டு சுற்று. முகத்தில் பதற்றம் இல்லை. பதின்மூன்றாவதில் எதிராளி ஒரு அடி அதிகமாக நெருங்கி வருகிறான், அவ்வளவுதான், முடிந்தது. மார்சியானோ தோற்கவே இல்லை என்பது உண்மை. ஆனால் தோற்றுக்கொண்டிருக்கும்போது ஒருத்தன் எப்படி நிற்கிறான் என்று பார்த்தால், மாமா சொன்னதுதான் சரி. நிதானமாக, நல்ல காற்றில், யாரும் கேட்காமல் இந்த முடிவுக்கு வந்தேன்.

அடுத்த தொட்டி சின்னது. இந்த முறை மீட்டரை மாமாவின் சட்டையிலேயே மாட்டிவிட்டார்கள். அவர் இறங்கினார். தலைவிளக்கு சகதியின் மேல் அலைந்தது. சுரண்டும் சத்தம் ஆரம்பித்தது. நான் வாளியில் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு துளைக்குள் குனிந்தேன்.

"மாமா, எப்படிப் பார்த்தாலும் மார்சியானோதான்."

சுரண்டல் நின்றது. நான் காத்திருந்தேன்.

"ஆறே ஆறு தடவைடா" என்று இரும்பு முழுக்க மாமாவின் குரல் எழுந்தது. "ஆறு. எண்ணத் தெரியுமா, இல்ல அதைச் சொல்லித்தர்றதுக்கு முன்னாடியே காலேஜை விட்டுட்டியா?"

கைப்பிடியிலிருந்து கையை எடுத்தேன். அவன் தோற்கவே இல்லையே மாமா என்று கத்தினேன்.